மில் லைனுக்குப் பத்து மணி

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் மூடிப்போன பஞ்சாலைக்கும் நடுவே, ஒரே கேட்டும் ஒரே குழாயடியும் முப்பத்தெட்டு வீடுகளுமாக மில் லைன் என்றொரு தெரு இருக்கிறது. அங்கே பத்து மணி மற்ற ஊர்களைப் போலத் தானாக வந்துவிடாது, பதினேழாம் நம்பர் வீட்டுப் பிரகாசியின் வாசல் சுவரில் பூ விரிந்த பிறகுதான் வரும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். லைனில் இருப்பவர்களுக்கு இதை நிரூபிக்கிற வேலை எதுவும் கிடையாது, அவர்களுக்கு வேறு சோலி இருக்கிறது.

பிரகாசிக்கு நாற்பத்து மூன்று வயது. மில் ஓடிய காலத்தில் டைம் ஆபீஸில் இருந்தாள், ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மில் சங்கை ஊதவைக்கிற நெம்புகோல் அவள் கையில்தான் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மில்லை மூடிய அன்று, ஆளுக்கொரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவர் மின்விசிறி, ஒருவர் நாற்காலி, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் கேன்டீன் காபி ஃபில்டர். பிரகாசி மட்டும் ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, சங்கின் இரும்புக் குழலைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மேனேஜர் பார்க்கப் பார்க்க நடுத்தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தாள். அந்த அகன்ற வாய்க்குள் ஆற்று மணலும் செம்மண்ணும் பாதிக்குப் பாதி போட்டு, ஒரு கிள்ளு டேபிள் ரோஸை நட்டாள். லைனில் அதற்குப் பத்து மணிப் பூ என்று பேர். விரல் நீளத் தண்டு, தண்ணீரைச் சேமித்துவைத்துப் பருத்த சின்ன இலை, வெயில் ஏற ஏற விரிகிற அடர்ந்த ரோஸ் நிறப் பூ. உப்புக் காற்றில் கறிவேப்பிலைகூடக் கருகிப்போகிற அந்தத் தெருவில் அது ஒன்றுதான் கொழுத்து வளர்ந்து, குழலின் விளிம்பு தாண்டித் தொங்கியது.

அந்த வீடு அவள் பேரில் ஒதுக்கப்பட்டது. புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அது தெரிந்த அன்று பிரகாசி அழுதாள், மறுநாள் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். தனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது இந்தப் பதினேழாம் நம்பரும் சுவரில் இருக்கிற செடியும்தான் என்று அவள் வாய்விட்டே சொல்வாள். அதனால்தானோ என்னவோ, செடி விஷயத்தில் அப்படியொரு கஞ்சத்தனம். வாரத்துக்கு இரண்டு தரம், மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அரைச் செம்பு. வாடிய பூவைச் சாயங்காலமே கிள்ளிவிடுவாள். யார் கேட்டாலும் ஒரு துண்டு தரமாட்டாள். எதிர்வீட்டு முத்துக்கனி, திருடி நட்ட செடிதான் தழைக்கும் என்று நம்பி ஒரு துண்டைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனபோது, பிரகாசி அவள் வீடுவரை போய் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு வந்தாள். அதிலிருந்து இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

சங்கு நின்ற பிறகு லைனில் எந்தக் கடிகாரமும் இன்னொரு கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. பெண்கள் தலையை நீட்டி, "பூ விரிஞ்சிட்டாக்கா?" என்று கேட்டுத்தான் உலை வைத்தார்கள், மாத்திரை போட்டார்கள், ரேஷன் கடைக்குப் பையைத் தூக்கினார்கள். இப்படியே ஐந்து வருஷம் கேட்டுக் கேட்டு, ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மூடாப்புப் போட்டு மழை பெய்து, பூ ஒன்றுகூட விரியாதபோது, லைனுக்குப் பத்து மணி வரவில்லை. சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், செல்போன், எல்லாம் ஒன்பது ஐம்பத்தொன்பதில் நின்றன. கேட்டைத் தாண்டினால் செல்போனில் பதினொன்றரை. திரும்ப உள்ளே கால் வைத்தால் ஒன்பது ஐம்பத்தொன்பது. பொழுது அதன் பாட்டுக்குப் போனது, பசித்தது, மத்தியானச் சோற்றை ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கே தின்றார்கள், விளக்கு வைத்ததும் கடிகாரங்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏழு மணிக்குத் தாவி ஓட ஆரம்பித்தன.

முதல் நாள் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். இரண்டாம் நாள் பழகிவிட்டது. லைனுக்குள் இருந்த ரேஷன் கடைக்காரர் பத்து மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்பதால் பூட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம், "நானும் உங்கள மாதிரித்தான் காத்திருக்கேன்" என்று நியாயம் பேசினார். பிற்பாடு மழைக்காலத்துக்கு மட்டும் எட்டரைக்கே திறப்பது என்று எழுதிப் போட்டார். பத்து மணி மாத்திரைக்காரர்கள் ஒன்பதுக்கே போட்டுக்கொண்டார்கள். ஏன் இப்படி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மில்லை ஏன் மூடினார்கள் என்று கேட்டு என்ன பதில் கிடைத்தது, இதைக் கேட்க?

செடியை மூடிவைத்தாலும் இதே கதைதான் என்று கண்டுபிடித்தவள் ஒன்பதாம் நம்பர் ஜெனிட்டா. பத்தரைக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்ல வெயில் நாளில், பிரகாசி இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும், செடி மேல் பனைநார்க் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் புதுச் சட்டையோடு கேட்டுக்குள் நுழைந்து, பத்தரை ஆகட்டும் நல்ல நேரம் வரட்டும் என்று நின்று நின்று, வேர்த்து, மிக்சரைத் தின்று தீர்த்து, சாயங்காலம் கோபித்துக்கொண்டு போனார்கள். பிரகாசி திரும்பி வந்து கூடையைப் பார்த்தாள், ஜெனிட்டாவைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அவ்வளவு பிடிக்கலையா அவன?"

"பிடிக்கலக்கா."

"அப்ப சரி. ஆனா இனிமே எங்கிட்ட கேட்டுட்டு மூடு" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லாததுதான் லைனில் பெரிய ஆச்சரியமாகப் பேசப்பட்டது.

அடுத்த பங்குனியில் நோட்டீஸ் வந்தது. மில்லும் லைனும் கைமாறிவிட்டன, வாங்கியவர்கள் அங்கே குடோன் கட்டப்போகிறார்கள், முப்பத்தெட்டு வீட்டாரும் காலி செய்ய வேண்டும், ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணிக்குள் கோர்ட் அமீனா நேரில் வந்து வீடுகளை மேனேஜர் கிருபானந்தத்திடம் ஒப்படைப்பார். மேனேஜர் கிருபானந்தம் என்றால் அதே மேனேஜர்தான். மில்லை மூடினவர், இப்போது புது முதலாளிக்கு. லைனின் சார்பில் வக்கீல் ஒருவர் தடை கேட்டு மனுப் போட்டிருந்தார், ஆனால் அந்த மனு மே மாதம்தான் விசாரணைக்கு வரும் என்றார். இருபத்து நான்காம் தேதி ஒரு நாளைத் தாண்டிவிட்டால், அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆணை வாங்க வேண்டும், அதற்குள் நமக்கு நேரம் கிடைக்கும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

குழாயடியில் எல்லாரும் கூடி நின்றார்கள். பிரகாசி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு நாள் தானே? அன்னைக்குப் பத்து மணி ஆகாது. நான் ஆக விடமாட்டேன்" என்றாள். மில்லில் இருபது வருஷம் அவள்தான் மணியைச் சொன்னவள், அதனால் எல்லாரும் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கினார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. தங்கள் வீடு ஒரு செடியிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க யாருக்கு மனசு வரும்? சித்திரை வெயில் வேறு. பிரகாசி காலை ஏழு மணிக்கு இறால் உரிக்கப் போனால் ஐந்துக்குத்தான் திரும்புவாள். அதற்குள் போகிறவர் வருகிறவர் எல்லாம் பாவம் செடி வாடுதே என்று ஒரு செம்பு ஊற்றினார்கள். ஒருத்தி சத்துக்கு என்று அரிசி கழுவின தண்ணீர், ஒருத்தி அதைவிடச் சத்துக்கு என்று மீன் கழுவின தண்ணீர். குழலின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி வாசல் நனைகிறதே என்று ஒரு புண்ணியவான் ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்தான். யாருக்கும் இன்னொருவர் ஊற்றியது தெரியாது. எல்லாரும் பிரகாசிக்குத் தெரியாமல் செய்கிற தர்மம் என்றே நினைத்தார்கள்.

பதினேழாம் தேதி சாயங்காலம் அவள் மண்ணில் விரலை விட்டபோது, விரல் சேற்றுக்குள் போனது. தண்டைத் தொட்டாள், அது அடியில் கண்ணாடியாய் வெளுத்துக் குழைந்து கையோடு வந்தது. மீன் நாற்றம். பிரகாசி போட்ட கூச்சலில் முப்பத்தெட்டு வீடும் வெளியே வந்தது.

"கொன்னுட்டீயளே! ஆறு வருஷம் உப்புக் காத்தும் தீய்க்காத செடிய, பாசத்துல கொன்னுட்டீயளே! யாருடி மீன் தண்ணி ஊத்துனது? யாரு ஓட்டைய அடைச்சது? இதுக்குத் தண்ணி வேண்டாம், வேண்டாம்னுதானே அதுவே எலைக்குள்ள சேத்து வச்சிருக்கு!"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முத்துக்கனி மட்டும் தெருவைத் தாண்டி வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளிடம் பேசினாள். "நானும் ரெண்டு செம்பு ஊத்துனேன். அடிக்கணும்னா அடி. ஆனா நுனியெல்லாம் இன்னும் பச்சையாத்தான் இருக்கு, பாரு."

பிரகாசி பார்த்தாள். அடி அழுகியிருந்தாலும் நுனிகள் விறைப்பாகத்தான் இருந்தன. அரிவாள்மனையைக் கொண்டுவந்து நல்ல துண்டுகளாக நறுக்கி எண்ணினாள், நாற்பத்தொன்று தேறியது. அவற்றை மடியில் அள்ளிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். மறுபடி குழலிலேயே நட்டுக் கதவுக்கு உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கொடுப்பது அவளுக்குச் சதையை அறுத்துக் கொடுப்பது போல வலித்தது. ஆனால் ஒரே இடத்தில் இருந்ததால்தானே ஒரே வாரத்தில் போனது என்றும் அவளுக்குப் புரிந்தது. எழுந்து நின்று, வீட்டுக்கு ஒன்றாக, முத்துக்கனியில் தொடங்கிக் கையில் வைத்துக்கொண்டே போனாள், மிஞ்சிய மூன்றை ரேஷன் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

"ஒரு நாள் நெழல்ல காயப் போடுங்க. வெட்டுன வாய் காயணும். அப்புறம் மணல்ல சொருவுங்க, செரட்டையோ டப்பாவோ எதுனாலும் அடியில ஓட்ட போட்டு. மொட்டு இருந்தாக் கிள்ளிப் போட்ருங்க, அது பூத்தா வேர் வராது. தண்ணி ஊத்துனீய, கைய ஒடிச்சிருவேன்."

மறுநாளிலிருந்து லைனில் பத்து மணியே இல்லை. மழையில்லை, கூடையில்லை, வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடிக்கிறது, மணி ஒன்பது ஐம்பத்தொன்பது. ரேஷன் கடைக்காரர் எட்டரைக்குத் திறந்தார். தேங்காய்ச் சிரட்டையிலும் பெயின்ட் டப்பாவிலும் பிள்ளையின் பழைய டிபன் பாக்ஸிலும் நாற்பத்தொரு துண்டுகள் மணலில் நின்றன, முப்பத்தெட்டு வீட்டாரும் தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டார்கள்.

இருபத்து நான்காம் தேதி காலையில் வேன் வந்து நின்றது. மேனேஜர் கிருபானந்தம், பூட்டுச் சாக்கோடு ஆறு ஆட்கள், ஃபைலை அக்குளில் இடுக்கிய அமீனா பரமார்த்தலிங்கம். அமீனா எழுதியதை எழுதியபடி செய்கிற மனிதர். காற்புள்ளி இருக்கும் இடத்தில் அவரும் நிற்பார். கேட்டுக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது ஐம்பத்தொன்பது. "ஒரு நிமிஷம் இருக்கு" என்று வேப்ப மரத்தடியில் நின்றார்.

அந்த ஒரு நிமிஷம் நீண்டது. நிழல் சுருங்கியது, யாரோ அமீனாவுக்கு நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், அவர் குடித்தார், மணி பார்த்தார், ஒன்பது ஐம்பத்தொன்பது. மேனேஜர் சிரித்தார். அவர் எல்லாம் விசாரித்துத்தான் வந்திருந்தார்.

"அந்தக் கூடையைத் தூக்குங்கப்பா."

ஆட்கள் பதினேழாம் நம்பர் சுவரில் அன்று காலை பிரகாசி கவிழ்த்துவைத்திருந்த கூடையைத் தூக்கினார்கள். உள்ளே மில் சங்கின் குழல் இருந்தது, குழலுக்குள் காய்ந்த மண் இருந்தது, வேறொன்றும் இல்லை. மேனேஜரின் முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை, வேனுக்குள் கையை விட்டு, நர்சரியில் வாங்கிய புதுத் தொட்டி ஒன்றை எடுத்தார். அதில் ரோஸும் மஞ்சளும் வெள்ளையுமாக இருபது பத்து மணிப் பூக்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அதைச் சுவர் மேல் வைத்து, "இப்ப பாருங்க சார் மணியை" என்றார்.

அமீனா பார்த்தார். "ஒன்பது ஐம்பத்தொன்பது."

"அது நீங்க வாங்கிட்டு வந்த பூ சார்" என்றாள் பிரகாசி. "உங்க வீட்ல பத்து மணி ஆயிருக்கும், போய்ப் பாருங்க."

லைன் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அமீனா தன் கையைக் காதருகே கொண்டுபோனார், பிறகு கண்ணருகே கொண்டுவந்தார். "முள்ளு ஆடுதே" என்றார்.

சிரிப்பு நின்றது. ஒரு நொடி, இன்னொரு நொடி, ஆறு நாளாக நின்ற முள் நடக்க ஆரம்பித்திருந்தது. பிரகாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தாள். எங்கே? யார் வீட்டில்? அவள் கண்கள் வாசல் வாசலாக ஓடி எதிர்வீட்டில் நின்றன. முத்துக்கனியின் சன்னலில், சிரட்டைக்குள், ஒரே ஒரு மொட்டு. நுனியில் ரோஸ் நிறம் பிரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் ஆசைப்பட்டு, சாக்கடையில் பறிகொடுத்து, கடைசியில் உரிமையோடு கைக்கு வந்த செடியில் இருந்த அந்த ஒற்றை மொட்டைக் கிள்ளிப்போட முத்துக்கனிக்கு மனசு வரவில்லை.

"ஏட்டி முத்துக்கனி!"

முத்துக்கனிக்கும் தெரிந்துவிட்டது. ஐம்பத்தைந்து நொடி என்றார் அமீனா. மேனேஜர் சன்னலைப் பார்த்துவிட்டு ஓடினார், ஆனால் அவர் செருப்பு போட்டிருந்தார், முத்துக்கனி வெறுங்காலோடு நின்றாள். பாய்ந்து போய் மொட்டைக் கிள்ளினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தாள், பிறகு வாயில் போட்டு மென்று, மேனேஜரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

"ஐம்பத்தெட்டு" என்றார் அமீனா. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "நின்னுட்டு."

பிரகாசி தெருவைத் தாண்டிப் போய் முத்துக்கனியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "புளிச்சுதாட்டி?"

"கொஞ்சம் புளிப்புதான்" என்றாள் முத்துக்கனி.

மேனேஜர் கத்தினார், சூரியனைக் காட்டினார், வெளியே போய்ச் செல்போனில் இரண்டரை மணியைப் பார்த்து அதைக் கையிலேந்தி உள்ளே ஓடிவந்து, ஓடிவரும்போதே அது ஒன்பது ஐம்பத்தொன்பது ஆவதைப் பார்த்தார். அமீனா அசையவில்லை. "ஆணையில காலை பத்து மணி முதல்னு இருக்கு சார். பத்துக்கு முன்னாடி நான் ஒரு பூட்டைத் தொட்டாலும் நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்." விளக்கு வைக்கும் நேரத்தில் கடிகாரம் ஏழுக்குத் தாவியது. அமீனா ஃபைலைத் திறந்து, சம்பவ இடத்தில் காலை பத்து மணி ஆகாத காரணத்தால் ஆணை நிறைவேற்றப்படவில்லை என்று பொறுமையாக எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மோருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் வேனில் ஏறுவதற்கு முன் பிரகாசியிடம் வந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா, எப்பதான் பூக்கும் இது?"

"வேர் பிடிக்கணும்லா சார்" என்றாள் பிரகாசி. "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

வேர் பிடிக்க மே மாதம் பன்னிரண்டாம் தேதி ஆயிற்று. அதற்கு முதல் நாள் வக்கீல் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். வழக்கு முடியும்வரை யாரும் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது. வழக்கு எப்போது முடியும் என்று வக்கீலுக்கும் தெரியாது, முடிந்தால் என்ன ஆகும் என்று பிரகாசிக்கும் தெரியாது, அன்றைக்கு அவள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. ஆணை நகலை மேனேஜர் கையில் கொடுப்பதற்காக வக்கீலின் குமாஸ்தா அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தார்.

உள்ளே, முத்துக்கனியின் சன்னலில் ஒரு பூ விரிந்தது. அடுத்து ஒன்பதாம் நம்பரில். அடுத்து ரேஷன் கடைப் படியில். சிரட்டையிலும் டப்பாவிலும் டிபன் பாக்ஸிலும், கிழக்கு வெயில் தொட்ட வரிசையில், வாசல் வாசலாக ரோஸ் நிறம் ஓடியது. இருபத்து நான்கு நாளாக நின்றிருந்த முள் நகர்ந்தது. பிரகாசி காலியாகிப்போன சங்குக் குழலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக் குறுகிய பக்கத்தை வாயில் வைத்து, மூச்சை வயிறு முட்ட இழுத்து, மில் சங்கு ஊதுகிற மாதிரியே ஊதினாள், ஊதி முடித்து, அதே குழலுக்குள், தெருக்கோடி வரை கேட்க, "பத்து மணி!" என்று கத்தினாள்.

கேட்டுக்கு வெளியே நின்ற மேனேஜர் கிருபானந்தம் திடுக்கிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பத்து மணி ஏழு நிமிடம். ஒருதரம் குமாஸ்தாவைப் பார்த்தார், ஒருதரம் தெருவைப் பார்த்தார், பிறகு யாரும் சொல்லாமலே திருகியைப் பிடித்து முள்ளைப் பத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்.